செக்கிங் அக்காவும் பாலிசியில் தொங்கிய சிவப்பு நூலும்

பிரம்மாவே நேரில் வந்து, "உலகத்தைப் படைத்து முடித்துவிட்டேன், பாருங்கள்" என்று விரித்துக் காட்டியிருந்தாலும், எங்கள் தெரு செக்கிங் அக்கா கழுத்தில் தொங்கும் லென்ஸை எடுத்துப் பார்த்து, நாலு மூலையிலும் நாலு சிவப்பு நூலைக் கட்டி, "அங்கங்க இழை விட்டிருக்குதுப்பா, பிரிச்சுப் போட்டு எடுத்துக்கினு வா" என்று திருப்பி அனுப்பியிருப்பார். பிரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். காஞ்சிபுரத்தில் அப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன நெசவாளிகள் எத்தனையோ பேர். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

அக்காவின் பெயர் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். ரேஷன் கார்டில் இருக்கும். ஒரு பட்டுக்கடையின் பின்கட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் சேலை செக்கிங் வேலை பார்த்தார், அதனால் செக்கிங் அக்கா. நெசவாளி சேலையைக் கொண்டு வந்தால் ஜன்னல் ஓரக் கழியில் போட்டு, வெளிச்சத்தில் இழுத்து இழுத்துப் பார்ப்பார். எங்கே குத்தமோ அங்கே ஒரு சின்ன சிவப்பு நூல் முடிச்சு. நெய்தவர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி ஓரமாக நிற்பார்.

ஒருத்தர் அக்காவைக் குளிரவைக்கலாம் என்று நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனார். அக்கா சேலையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பூவை அளந்தார்.

"மூணே முக்கா மொழந்தான் இருக்குது. பூக்காரி உன்ன ஏமாத்திட்டா. பூவுலயே ஏமாந்தவன் ஜரிகையில ஏமாறாம இருப்பியா? ஜரிகையக் காட்டு பாக்கலாம்."

அன்றைக்கு அந்தச் சேலையில் பதினாலு நூல்.

அக்கா வேலையிலிருந்து நின்றபோது முதலாளி கடையிலேயே ஒரு விழா வைத்து சால்வை போர்த்தினார். போட்டோக்காரர் "சிரிங்கம்மா, சிரிங்கம்மா" என்கிறார். அக்கா சால்வையின் ஓரத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறார். போட்டோ எடுத்து முடிவதற்குள் மூன்று முடிச்சு போட்டாகிவிட்டது. "மொதலாளி, இத எங்க வாங்கினீங்களோ அங்கயே குடுத்து மாத்திடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அது அந்தக் கடையிலேயே எடுத்த சால்வை.

அதற்குப் பிறகு சேலை இல்லை. கை சும்மா இருக்குமா? இடுப்பில் சிவப்பு நூல்கண்டும் கழுத்தில் பித்தளை லென்ஸுமாகத் தெருவைச் செக்கிங் பண்ண ஆரம்பித்தார். பிஸ்கட் பாக்கெட்டின் எடையைப் படித்துவிட்டு மளிகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்வார். மெடிக்கல் கடைக்காரர் அக்கா தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே பாதி ஷட்டரை இறக்கிவிடுவார். அக்கா குனிந்து உள்ளே போய்விடுவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெண்ணின் அப்பாவை நிற்க வைத்தே படித்துப் பார்த்து, "ஏம்பா, வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கற. அந்தத் தேதி சனிக்கிழமையாச்சே?" என்றார். அந்த மனுஷன் தாம்பாளத்தோடு அங்கேயே குந்திவிட்டார். முந்நூறு பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்.

பெரிய துணி ஒன்றும் கிடைக்காமல் அக்கா இப்படிச் சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் பாலிசி அவர் கையில் சிக்கியது.

என் வீட்டுக்காரருக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. நாற்பது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு மிதித்தால் எந்த முட்டிதான் தேயாது? மாற்று முட்டி வைக்க வேண்டும், ஒரு வருஷம் மாத்திரையில் ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்று, சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து, ஒரு வருஷ டெபாசிட்டில் போட்டு வைக்கலாம் என்று பாங்க்குக்குப் போனேன்.

அங்கே ஒரு தம்பி. ஏசி காற்று என் முகத்தில் நேராகப் படுகிறது என்று என் நாற்காலியையே திருப்பிப் போட்டான். டீ வரவழைத்தான். "டெபாசிட்ட விட நல்ல ஸ்கீம் ஒண்ணு இருக்குதும்மா. எங்கம்மாவா நெனச்சுச் சொல்றேன்" என்றான். புது ஆள் முன்னால் வாயைத் திறந்து கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. அவன் பேசப் பேசத் தலையை ஆட்டினேன். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். டீ நன்றாக இருந்தது.

கொஞ்ச நாளில் பத்திரம் தபாலில் வந்தது. கனமான உறை, மேலே வெள்ளி எழுத்து. அவ்வளவு அழகான காகிதத்தை நான் கையில் வாங்கியதே இல்லை. உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். பிரிக்கவில்லை. சாமி மாதிரி இருக்கிறதை யாராவது பிரிப்பார்களா?

ஒரு வருஷம் நெருங்கியது. வீட்டுக்காரரால் படி ஏற முடியவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்று பணம் எடுக்கப் போனேன். அந்தத் தம்பி வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தான். அவன் நாற்காலியில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது டெபாசிட் இல்லம்மா, இன்சூரன்ஸ். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது. இன்னும் ரெண்டு வாரத்துல இதே அளவு மறுபடியும் கட்டணும். இப்படி பத்து வருஷம் கட்டணும். கட்டலன்னா போட்டதுலயும் முக்காவாசி போயிடும்."

அவளுக்கும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அக்கா வந்தார். வந்ததும் என் முகத்தைத்தான் செக்கிங் பண்ணினார்.

"இன்னாடி, கண்ணு ரெண்டும் பிசிறடிச்சுக் கெடக்குது?"

நான் பீரோவைத் திறந்து உறையை எடுத்து நீட்டினேன்.

"இது இன்னா, குங்குமம்லாம் வெச்சிருக்கற? யாருக்கு வளைகாப்பு?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா உறையைப் பிரித்தார். நாற்பத்தெட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் லென்ஸை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"பாஷ தெரியலன்னா இன்னாடி? பெருசா எழுதினதெல்லாம் அவங்க ஆசப்படறது. பொடிசா எழுதினதெல்லாம் நாம அழப்போறது. வா, போயி தமிழ்ல வாங்கிக்கினு வரலாம்."

மறுநாள் இருவரும் பாங்க்குக்குப் போனோம். மேனேஜர், "தமிழ்ல எல்லாம் எங்க கிட்ட இல்லம்மா" என்றார். "தமிழ்லதானப்பா வித்தீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா அங்கேயே உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்காரவில்லை. பணம் கட்டும் சீட்டில் ஒரு குத்தம் கண்டுபிடித்தார். காலண்டரில் ஒரு குத்தம். தீயணைக்கும் சிலிண்டரைக் கவிழ்த்துப் பார்த்து, "இது காலாவதியாயி ஆறு மாசம் ஆச்சு, யாராவது பீடி கீடி பிடிக்காதீங்கப்பா" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையையும் விடவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் அவர் பாஷையிலேயே விவரம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியில் ஒரு சிவப்பு நூலைப் பசையால் ஒட்டினார். மூன்றாம் நாள் அக்கா படியேறும்போதே மேனேஜர் எழுந்து வந்து தமிழ்ப் பிரதியைக் கையில் கொடுத்தார்.

அந்தத் தமிழ் இருக்கிறதே, அது தமிழ் மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் பதினாலு வரி, நடுவில் மூச்சுவிட இடமே கிடையாது. அக்கா தன் வீட்டுக் கூடத்தில் என்னையும் உட்காரவைத்து, பாயை விரித்து, லென்ஸை வைத்து, விரலை ஓட்டி, நாலு நாள் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுப்பெண் மாதிரி முகம் சிவந்துவிட்டது.

"அடியே! முப்பது வருஷமா இவ்ளோ குத்தம் இருக்கற துணிய நான் பார்த்ததே இல்லடி! இங்க பாரு, இங்க பாரு, பத்தாம் பக்கத்துல குடுக்கறேன்னு சொல்றான், முப்பதாம் பக்கத்துல பிடுங்கிக்கறான். இன்னா கைவேல! நெய்தவன் கில்லாடி!"

பக்கத்துக்குப் பக்கம் ஊசியால் துளை போட்டு நூல் கட்டினார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இத பாரு. பிடிக்கலன்னா முப்பது நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம்னு போட்டிருக்குதே! அந்த முப்பது நாளும் நீ இதுக்கு சூடம் காட்டிக்கினு இருந்தியா?"

கடைசியில் நான் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் இருந்தது. அந்த பாங்க்குத் தம்பி என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். அதைப் படிக்கும்போது அக்கா பாயில் புரண்டு புரண்டு சிரித்தார்.

"தொழில், ஜவுளி ஏற்றுமதி. படிப்பு, பட்டதாரி. நீ எப்படி பட்டதாரி ஆன?"

"அஞ்சாங்கிளாஸ்க்கா."

"உயரம், ஆறடி ரெண்டு அங்குலம்! எழுந்து நில்லுடி!"

கதவு ஓரமாக நின்றேன். அக்கா முழக்கோலை வைத்து அளந்தார். நாலடி பத்து அங்குலம். அந்த இடத்தில் மட்டும் அக்கா மூன்று நூல் கட்டினார். மொத்தம் அறுபத்தொரு நூல். பத்திரம் அம்மனுக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதை ஜெராக்ஸ் எடுக்கப் போனோம். கடைப் பெண் தயங்கினாள்.

"நூலெல்லாம் எடுத்துடட்டுமாக்கா? மிஷின்ல மாட்டிக்கும்."

"நூலோடதாம்மா எடுக்கணும். நூலு இல்லன்னா குத்தம் எங்க இருக்குதுன்னு கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

ஜெராக்ஸில் நூல் எல்லாம் புழு மாதிரி விழுந்தது. அதை வைத்து, அக்கா தன் கையால் ஒரு புகார்க் கடிதம் எழுதி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. நான் எல்லாம் தெரிந்துதான் பாலிசி எடுத்தேனாம். போனில் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்களாம். நான் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் சொன்னேனாம். பதிவு இருக்கிறதாம். பணம் கிடையாதாம்.

எனக்குப் போன் வந்ததே ஞாபகமில்லை. அக்கா அந்தப் பதிவைக் கேட்டு மறுபடி எழுதினார். அது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்தது. கடைப் பெண் சத்தமாகப் போட்டுவிட்டாள். ஒரு பெண் குரல் ரயில் வேகத்தில் பேசியது.

"வணக்கம், தாங்கள் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் பிரீமியம் செலுத்தச் சம்மதிக்கிறீர்களா?"

"ம்" என்றது என் குரல்.

"இது வைப்புத்தொகை அல்ல, காப்பீடு என்பதைப் புரிந்துகொண்டீர்களா?"

"ம்."

பதினோரு கேள்வி. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் "ம்". ஜெராக்ஸ் கடைப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏண்டி, கழுத்த அறுக்கட்டுமான்னு கேட்டாக்கூட ம்முன்னு சொல்லுவ போலருக்குதே!"

"அவளுக்குச் சொல்லலக்கா" என்றேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. "அவருக்குச் சொன்னேன்."

எங்கள் வீட்டில் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் சின்னக் கட்டை. வீட்டுக்காரர் குழியில் இருந்து நெய்வார், நான் வலது பக்கம் குந்திக்கொண்டு கரை நாடாவைத் தள்ளுவேன். நாடா போய்ச் சேர்ந்ததும் "ம்" என்பேன். அந்த "ம்" கேட்டால்தான் அவர் தறிப்பலகையை இழுத்து அடிப்பார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் "ம்". அன்றைக்கு வந்த போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்து அதன் பாட்டுக்குப் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கை வேலையில் இருந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "மறுபடியும் போடும்மா" என்றார். இந்த முறை கேள்வியைக் கேட்கவில்லை. பின்னால் கேட்ட தடக் தடக்கைக் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் உடம்பே தறி மாதிரி ஆடியது. நடுவில் ஓர் இடத்தில் அந்தப் பெண், "ஒரு நிமிடம் இணைப்பில் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டிங் டிங் என்று வெறும் பாட்டு ஓடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் "ம்... ம்... ம்..." என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எண்ணு!" என்று கத்தினார் அக்கா.

கடைப் பெண் எண்ணினாள். அந்தப் பாட்டுக்கு நான் முப்பத்தேழு தடவை சம்மதம் சொல்லியிருந்தேன்.

அக்கா கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தியமாகச் சுற்றினார். எழுபது வயது தாண்டியவர், லென்ஸ் ஒரு பக்கம் பறக்க, நூல்கண்டு ஒரு பக்கம் உருள, ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாட்டினான்டி! கெளம்பு, சென்னைக்கு!"

பத்திரத்தில் ஒரு மூலையில், கம்பெனி கேட்காவிட்டால் எங்கே புகார் கொடுக்கலாம் என்று எழுதியிருந்ததை அக்கா முன்பே லென்ஸில் பிடித்திருந்தார். "அவங்க மேல எப்படிப் புகார் குடுக்கறதுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்கடி, எறும்பு படிக்கற சைஸ்ல." இன்சூரன்ஸ் குறைகளைக் கேட்க என்றே சென்னையில் ஓர் ஆபீஸ். காசு கிடையாது. எழுதிப் போட்டோம். ஒரு நாள் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது. வக்கீல் கூடாது, வேறு யாரும் வாதாடக் கூடாது, புகார் கொடுத்தவர்தான் பேச வேண்டும்.

அந்த வரியைப் படித்த அன்று எங்கள் இருவருக்குமே சோறு இறங்கவில்லை. எனக்குப் பேச வேண்டுமே என்று. அக்காவுக்குப் பேசக் கூடாதே என்று.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. நடுவில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஓர் அதிகாரி அம்மா. ஒரு பக்கம் டை கட்டின கம்பெனிப் பையன், லேப்டாப்போடு. இன்னொரு பக்கம் நாங்கள்.

"நீங்க யாரு?" என்று அதிகாரி அம்மா அக்காவைக் கேட்டார்.

"செக்கிங்."

"சொந்தக்காரங்களா?"

"இல்லம்மா, செக்கிங்."

"உக்காரலாம். பேசக் கூடாது."

அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி அம்மா என்னிடம். "இது டெபாசிட்டுன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"ம்" என்றேன்.

"போன்ல கேட்டப்போ புரியலையா?"

"ம்."

கம்பெனிப் பையன் சிரித்தான். "பாருங்க மேடம். இப்பவும் எல்லாத்துக்கும் ம்முன்னுதான் சொல்றாங்க. சம்மதம்தான் மேடம்."

பக்கத்தில் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம். அக்கா. முந்தானை வாய்க்குள் பாதி போயிருந்தது. கண் பிதுங்கியது. என் முட்டியைத் தன் முட்டியால் இடித்தார். முட்டி இடித்ததும் எனக்கு வீட்டுக்காரர் முட்டி ஞாபகம் வந்தது. காலையில் நான் பஸ் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றார். எதற்குப் போகிறேன் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். திட்டவில்லை. "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி அம்மா பத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார். அறுபத்தொரு நூலும் மேஜை மேல் தொங்கின.

"இது என்ன?"

அக்காவால் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

"குத்தம்ங்க" என்று எழுந்தேன்.

"என்ன குத்தம்?"

"கடைசிப் பக்கம் பாருங்க. நான் ஏற்றுமதி எல்லாம் பண்ணலங்க. நான் அஞ்சாங்கிளாஸ்ங்க. நான் ஆறடி இல்லங்க."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா."

"நின்னுக்கினுதாங்க இருக்கேன்."

டீ கொண்டு வந்த அம்மா தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கம்பெனிப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், விண்ணப்பத்துல சின்னத் தப்பு இருக்கலாம். ஆனா போன்ல தெளிவா சம்மதம் இருக்குது" என்று பதிவைப் போட்டான். வணக்கம், தாங்கள் பத்தாண்டுகளுக்கு என்று ஆரம்பித்தது.

கோர்வையை வாயால் எப்படி விளக்குவது? எனக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டேன். கம்பெனிப் பையனின் பேனாவை எடுத்துக்கொண்டேன், அதுதான் நாடா. அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்குப் பேசத்தானே தடை? நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் பேனாவைத் தள்ளி "ம்" என்றேன். அக்கா மேஜையை ஓர் அடி அடித்தார். தடக். "ம்." தடக். "ம்." தடக். லேப்டாப்பில் ஒரு தறி, தரையில் ஒரு தறி, இரண்டும் ஒரே தாளம். அந்தப் பெண் கேள்வி கேட்க வாயெடுக்கும் முன்பே சில "ம்" விழுந்தது. பிறகு டிங் டிங் பாட்டு வந்தது. நான் நிறுத்தவில்லை, அக்காவும் நிறுத்தவில்லை. டீக்கார அம்மா தலையை ஆட்ட ஆரம்பித்தார். டம்ளர்கள் ஆடின. டீ ததும்பியது. அதிகாரி அம்மாவின் விரல் மேஜையில் தானாகத் தட்டியது.

பாட்டு நின்றது. நாங்களும் நின்றோம்.

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு கம்பெனிப் பையனைக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டு என்ன கேட்டுச்சு, இவங்க இத்தனை தடவை சம்மதம் சொல்ல?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"ம்?" என்றார் அதிகாரி அம்மா.

வெளியே வந்ததும் அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் மூச்சுவிடாமல் பேசினார். அத்தனை நேரம் அடக்கி வைத்தது ஆயிற்றே. கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்க வந்து, இடைவெளி கிடைக்காமல் திரும்பிப் போனார்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பாலிசி ரத்து, கட்டியதை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா பிடுங்கி லென்ஸில் படித்து, அதிலும் ஒரு நூலைக் கட்டிவிட்டார்.

"'உடன் வந்தவர்'னு போட்டிருக்காங்கடி. செக்கிங்குன்னு தெளிவா ரெண்டு தடவ சொன்னேன்!"

இன்றைக்கு எங்கள் தெருவில் யார் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் அக்கா வீட்டில் காட்டாமல் போடுவதில்லை. ஓரிக்கையிலிருந்தும் தாமலிலிருந்தும்கூட மஞ்சப்பையில் பத்திரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். நல்லது இருந்தால் நல்லது என்றும் சொல்வார். "இது கெட்டித் துணி, தைரியமா எடு" என்பார். ஏஜெண்டுகள் முதலில் எங்கள் தெருவுக்கே வரப் பயந்தார்கள். இப்போது ஒரு ஏஜெண்டு வரும்போதே சிவப்பு நூல்கண்டு வாங்கிக்கொண்டு வருகிறார். "நீங்களே கட்டிடுங்கக்கா, அப்புறம் வீடு வீடா போறேன்" என்கிறார். அக்கா அந்த நூல்கண்டையும் சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்க்கிறார்.

வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆயிற்று. கோலை விட்டுவிட்டு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் நடந்துட்டு வாங்க, பாக்கலாம்."

இவர் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"எடது காலு கொஞ்சம் லேட்டா வருது. இன்னொரு தடவ."

மறுபடி நடந்தார்.

"தோளு சாயுது. இன்னொரு தடவ."

"இந்தம்மாவுக்கு இதே வேலையா போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் நடந்தார். ஐந்து தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு குத்தம் சொன்னார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முட்டியையும் பார்க்கவில்லை, தோளையும் பார்க்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷன் நடந்து போவதையும் வருவதையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது தடவை இவர் வந்து நின்றபோது அக்காவுக்குச் சொல்வதற்குக் குத்தம் எதுவும் சட்டென்று கிடைக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"கை வீசறது சரியில்ல" என்றேன் நான். "இன்னொரு தடவ நடங்க."